அம்மாவுக்கு நான்கு மருத்துவர்கள், நான்கு கோப்புகள்: எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வழி உண்டா?

கேள்வி: அருப்புக்கோட்டை மகள்

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவுடன் அருப்புக்கோட்டையில் வசிக்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பிறகு ரத்த அழுத்தம் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு முழங்கால் வலி, இப்போது தூக்கமின்மை. சர்க்கரைக்கு மதுரையில் ஒரு மருத்துவர், ரத்த அழுத்தத்துக்கு உள்ளூரில் ஒருவர், மூட்டுக்கு எலும்பு மருத்துவர், தூக்கத்துக்கு வேறொருவர் என்று நான்கு இடங்களுக்குப் போகிறார். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை.

சென்ற முறை ஊருக்குப் போனபோது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், டெல்மிசார்டன் ஆகியவற்றோடு, மூட்டு வலிக்கு அசிக்ளோஃபெனாக் தினமும் இரண்டு வேளை, கணுக்கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை மாலையில், இரவில் தூக்க மாத்திரை. இவ்வளவு சாப்பிட்டும் எச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சராசரிப் பரிசோதனையில் 8.4 என்று வருகிறது. ரத்த அழுத்தம் எப்போது பார்த்தாலும் 150/90 அளவில் நிற்கிறது. கண் பரிசோதனை செய்ததாக நினைவில்லை என்கிறார். முன்பு கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போய் வந்தவர், இப்போது வாசலைத் தாண்டுவதே அரிதாகிவிட்டது. அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதும் குறைந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் உண்டு. எனக்கு வயது 35. கர்ப்ப காலத்தில் சர்க்கரை கூடி, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது என்றார்கள். இப்போது வெறும் வயிற்றில் 108 வருகிறது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்தே தீருமா, தடுக்க முடியுமா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் பொறுமையாகப் பதில் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: பொது மருத்துவர், மதுரை

சகோதரி, மாத்திரைப் பெயர்களை வேளையோடு சேர்த்து எழுதியது நல்ல காரியம். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது அம்மாவுக்கு நான்கு நோய்கள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்திருப்பதாகவே தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கோணத்தில் ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்பதற்காக விளக்கமாக எழுதுகிறேன்.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் உப்பும் நீரும் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும். டெல்மிசார்டன் போன்ற மருந்துகளின் பலனும் குறையும். அழுத்தம் இறங்கவில்லை என்று அம்லோடிபின் அளவைக் கூட்டினால், அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவாகக் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதப்படும். அதை மாலையில் சாப்பிட்டால் இரவு முழுவதும் சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டும். சர்க்கரை கூடியிருப்பதும் அதே தொல்லையைத் தரும். தூக்கம் கெட்டதும் தூக்க மாத்திரை வந்து சேரும். அந்த மயக்கத்தோடு நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இடையில் முழங்கால் வலியால் நடை நின்றுபோயிருக்கும். நடை நின்றதால் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கும். இந்தச் சங்கிலியில் எந்த மருத்துவரும் தம் பங்குக்குத் தவறாக எழுதியிருக்க வேண்டியதில்லை. சங்கிலி முழுவதையும் பார்க்கும் இடத்தில் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

இதில் அவசரமானது ஒன்று உண்டு. வலி மாத்திரை, டெல்மிசார்டன், நீர் பிரியும் மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் உள்ளே போவது சிறுநீரகத்துக்கு ஆபத்தான சேர்க்கை. வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயில் என்று உடலில் நீர் குறையும் நாளில் அது திடீரென்று பெரும் சிக்கலாகிவிடும். ஆகவே இந்த வாரமே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம் ஆகியவற்றையும், சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)-கிரியேட்டினின் விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். கிரியேட்டினின் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழப் பாதி போன பிறகுதான் அது கூடத் தொடங்கும். சிறுநீரில் கசியும் அல்புமின் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அறிகுறி காட்டிவிடும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்; அறிக்கையோடு உடனே மருத்துவரைப் பாருங்கள், வலி மாத்திரையைத் தொடரலாமா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தால் என்ன பலன் என்பதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்ற ஆய்வில், சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்கியிருந்த 160 சர்க்கரை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், உணவு, உடற்பயிற்சி ஆகிய அனைத்தையும் ஒரே குழு தொடர்ந்து கவனித்தது. ஏறத்தாழ 8 ஆண்டுகளில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய ரத்தநாளப் பாதிப்புகள் இரண்டாம் பிரிவில் பாதியளவுக்குக் குறைந்தன. 21 ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டபோது அவர்கள் நடுமதிப்பாக 7.9 ஆண்டுகள் கூடுதலாக உயிர்வாழ்ந்திருந்தார்கள். ஒரு புதிய மருந்தால் கிடைத்த பலன் அன்று இது. கையில் இருந்த மருந்துகளையும் பழக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்து, விடாமல் பின்தொடர்ந்ததால் கிடைத்தது.

சர்க்கரை நோயாளிகள் பலரும் சர்க்கரை எண்ணை மட்டுமே கவனித்துக்கொண்டு ரத்த அழுத்தத்தை இரண்டாம் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். இது எனக்கு நீண்ட நாளாக உள்ள வருத்தம். 1998-இல் வெளியான பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் ரத்த அழுத்தம் சராசரியாக 144/82 அளவுக்கு இறக்கப்பட்ட பிரிவில், 154/87 அளவில் இருந்த பிரிவைவிடப் பக்கவாதம் 44 சதவீதமும் சர்க்கரை நோய் சார்ந்த மரணங்கள் 32 சதவீதமும் குறைந்தன. உங்கள் அம்மாவுக்கு 150 என்பது "கொஞ்சம் கூடுதல்" என்று சொல்லிக் கடந்துபோகும் எண் அன்று. பெரும்பாலான வழிகாட்டுதல்கள் இவரைப் போன்றவர்களுக்கு 130/80-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கின்றன.

முழங்காலுக்கு மருந்தைவிடத் தொடைத் தசையை வலுப்படுத்துவதுதான் நிலையான தீர்வு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெல்ல நீட்டி, முட்டி நேராக இருக்கும்படி பத்து எண்ணும் வரை நிறுத்தி, பிறகு மெல்ல இறக்க வேண்டும். இரு கால்களுக்கும் மாறி மாறிப் பத்து முறை, காலையும் மாலையும். சில வாரங்கள் விடாமல் செய்தால் நடப்பது எளிதாகும். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள்.

எச்பிஏ1சி பற்றி ஒரு குறிப்பு. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண். ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களிடம் ரத்தசோகை மிகுதி என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல் அதையும் பார்க்க வேண்டும். கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கியிருக்கக்கூடும், அந்த நிலையில் பிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். பல் மருத்துவரையும் மறக்க வேண்டாம். ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறு நோயை முற்றச் செய்யும்.

கடைசியாக, அம்மா வெளியே போவதையும் பேசுவதையும் குறைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்ற இரு கேள்விகளை அன்போடு கேட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் இருந்த 404 பேரிடம் இந்தியாவின் நான்கு மருத்துவ மையங்களில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இரண்டையும் சேர்த்துக் கவனித்த பிரிவில் 71.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதிக்குப் பாதியாகக் குறைந்ததோடு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் அது 57.4 சதவீதம். மனம் சோர்ந்தவரால் நடக்கவும் முடியாது, மாத்திரையை நேரத்துக்கு எடுக்கவும் முடியாது.

யாரிடம் போவது என்றால், உள்ளூரில் பொறுமையாகக் கேட்கும் ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, "இனி நீங்கள்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் நீங்களே அனுப்புங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான்கு கோப்புகளுக்குப் பதில் ஒரு நோட்டு போதும். புதிதாக யார் எந்த மாத்திரையை எழுதினாலும் அது இவர் கண்ணில் பட்ட பிறகே வாங்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மருத்துவர் ஐயா விரிவாக எழுதிவிட்டார். நெடுநாள் சர்க்கரை நோயாளி என்ற முறையில் பாதத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவிலேயே இதை அலட்சியப்படுத்திக் காலை இழந்தவர் ஒருவர் இருக்கிறார். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றியதில் உள்ளங்கால் கொப்பளித்திருக்கிறது. உணர்ச்சி மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. புண் எலும்பு வரை போன பிறகுதான் நாற்றத்தால் வீட்டாருக்குத் தெரிந்தது.

நான் தினமும் இரவில் கால் கழுவி, விரலிடுக்குகளை உலரத் துடைத்து, தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிடுவேன். குனிய முடியாத உங்கள் அம்மாவுக்கு அப்பா பார்த்துச் சொல்லலாம். வெடிப்பு, சிவப்பு, ஆணி, நகத்தோரக் கறுப்பு எது தெரிந்தாலும் பிளேடால் வெட்டுவதோ ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவதோ கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் தலைமுறைக்கு அது மனம் ஒப்பாத காரியம்தான். வீட்டுக்கென்று தனிச் செருப்பு வாங்கி வைத்தபின் என் மனைவி தடை சொல்லவில்லை. வெந்நீரில் கால் வைக்கும் முன் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார். சோதிக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பதில்: உணவியல் ஆலோசகர், கோயம்புத்தூர்

தோழி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் நீங்கள் காத்திருக்கக் கூடாதவர். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். "பிரசவத்தோடு சரியாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிடுவதில்தான் நம் ஊரில் பெரிய இடைவெளி விழுகிறது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்பது நோய்க்கு முந்தைய நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' (INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நோய்க்கு முந்தைய நிலையில் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். தடுப்பு என்பது உங்களைப் போன்ற இந்த 13.6 கோடிப் பேரிடம்தான் தொடங்க வேண்டும்.

தடுக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவும் நடையும் திருத்தப்பட்ட பிரிவில் 39.3 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. மெட்ஃபார்மின் மட்டும் தரப்பட்டவர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவு பலன்தான். இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, பலன் பெற்றவர்களின் உடல் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான். எடை இறங்கவில்லையே என்று மனம் உடைந்து நடையை நிறுத்திவிடும் பெண்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

உணவில் நான் முதலில் கேட்பது, தட்டில் சோறு எவ்வளவு என்பதைவிட, சோற்றைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலான வீடுகளில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதற்காகச் சோறு குவிகிறது. பொரியல் தொட்டுக்கொள்ளும் அளவில் நிற்கிறது. தட்டின் பாதியை அவரைக்காய், புடலங்காய், கீரை, முட்டைக்கோஸ் என்று காய்க்கு விட்டு, கால் பங்குக்குப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ வைத்து, மீதிக் கால் பங்கில் சோறு வையுங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அதே உணவுக்கும் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தால் இன்னும் குறையும்.

கேழ்வரகு விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சிறுதானியம் என்ற பெயருக்காகக் கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழாகவும் கஞ்சியாகவும் குடிக்கிறார்கள். நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய எந்தத் தானியமும் வேகமாகச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டி, ஒன்றோ இரண்டோ சாப்பிடுவது நல்லது. அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கு உப்பு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. குழம்பில் போடும் உப்பைக் குறைப்பதற்கு முன் ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ருசி கெடாமலே பெரும்பகுதி குறைந்துவிடும். கடைகளில் விற்கும் குறைந்த சோடிய உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டன் சாப்பிடும் அம்மாவுக்கு, சிறுநீரக அறிக்கை வந்து மருத்துவர் சம்மதிக்கும் வரை அதை வாங்க வேண்டாம்.

பதில்: சமுதாய நலப் பணியாளர், விருதுநகர் மாவட்டம்

எல்லோரும் சொன்னது சரி. ஆனால் இவ்வளவையும் அந்த அம்மா தலையிலேயே வைக்கிறோமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் தனக்கென்று தனிச் சமையல் செய்துகொள்ள மனம் வராத பெண்களைத் தினமும் பார்க்கிறேன். மதுரைக்கு ஒருமுறை போய்வந்தால் பேருந்து, காத்திருப்பு, பரிசோதனை என்று ஒரு நாள் முழுதும் போய்விடுகிறது. அன்று நேரத்துக்குச் சாப்பாடும் இல்லை. நோயாளி சரியாக ஒத்துழைக்கவில்லை என்று சொல்வதற்கு முன், நாம் அவரிடம் எவ்வளவு கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற மாநில அளவிலான சுகாதார ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. இத்தனை பேரும் அக்கறை இல்லாதவர்களாக இருக்க முடியாது.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்தக் காரணத்துக்காகவே வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போவார். நடக்க இயலாதவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வருவார். முழங்கால் பயிற்சியை ஒருமுறை அவர் முன்னால் செய்து கற்றுக்கொள்வது நல்லது. தனியாரிடம் பார்ப்பவர்கள் இதில் சேரக் கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா போய்ப் பெயரைப் பதிந்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே தரும் மாத்திரையும் தனியார் மருந்துக்கடையில் வாங்குவதும் ஒரே மருந்தாக இருந்து, பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் சாப்பிட்டுவிடுபவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் கோவையில் இருப்பதால் உங்களால் எளிதாகச் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக மட்டும் அம்மாவுக்குத் தொலைபேசி செய்யாதீர்கள். அது நாளடைவில் விசாரணையாகிவிடும். அவர் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். நூறு பிள்ளைகளுக்குக் கணக்காகச் சமைத்தவர். உங்கள் சர்க்கரையைக் குறைக்க என்ன சமைக்கலாம் என்று அவரிடம் யோசனை கேளுங்கள். தனக்காகச் செய்யாததை மகளுக்காகச் செய்வார்கள்.

கேள்வி கேட்டவர்: அருப்புக்கோட்டை மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ரத்தப் பரிசோதனைக்கு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அறிக்கை வந்ததும் உள்ளூர்ப் பொது மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போகிறோம். மருத்துவரிடம் இன்னொன்று கேட்க வேண்டும். அம்மா ஆடி வெள்ளியும் கிருத்திகையும் தவறாமல் விரதம் இருப்பார். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் ஒருவேளைதான் சாப்பிடுவார். விரதத்தை விடச் சொன்னால் மனம் நோவார். அன்று மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

பதில்: பொது மருத்துவர், மதுரை

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். பலர் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. விரதத்தை விடச் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஆனால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். இவருடைய மருந்துகளில் கவனிக்க வேண்டியது கிளிமிப்ரைடு. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். வழக்கம்போலக் காலையில் போட்டுக்கொண்டு மாலைவரை பட்டினி இருந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். அன்று அதைத் தவிர்ப்பதா, அளவைக் குறைப்பதா, சாப்பிடும் வேளைக்கு மாற்றுவதா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடும்போது இந்த ஆபத்து மிகக் குறைவு. டெல்மிசார்டனும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுவதால் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

விரத நாளில் நண்பகலிலும் விரதம் முடிக்கும் முன்பும் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே வந்தாலோ, வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தாலோ அப்போதே விரதத்தை முடித்துவிட வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை அதையே செய்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தடுமாறிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இதை அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு: நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு இரவில் பாயசம், வடை, சர்க்கரைப் பொங்கல் என்று முடித்தால் மறுநாள் காலையில் சர்க்கரை எகிறியிருக்கும். சுண்டலிலும் காயிலும் தொடங்கி, நைவேத்தியப் பாயசத்தை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். கந்த சஷ்டிக்கு ஒரு மாதம் முன்பே போய் மருத்துவரைப் பாருங்கள். ஆறு நாளுக்கும் தனியாக மாத்திரைச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.